‘சுடும்’ என்று சொன்னவர்

வண்ணார்பேட்டையில் கீழே பாத்திரக்கடை, நடுவில் பல் ஆஸ்பத்திரி, அதற்கு மேல் மூன்றாவது மாடியில் விண்வெளிச் சண்டைக்குத் துப்பாக்கி செய்கிறார்கள். சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். அந்த மாடிக்குக் காவல் வேலைக்கு வந்த மாடக்கண்ணுவே முதல் ஒரு வாரம் நம்பவில்லை. இரும்பு இல்லை, வெடிமருந்து இல்லை, எண்ணெய் நாற்றம் இல்லை. ஏசி போட்ட அறையில் இருபது பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எங்கோ வெளிநாட்டில் தயாராகும் வீடியோ கேம் ஒன்றுக்கு விதவிதமாக ஆயுதம் வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருகாணியில் படிந்த துரு வரைக்கும் வரைவார்கள். ஆனால் ஒருவர்கூட நிஜத் துப்பாக்கியைத் தொட்டதில்லை. பதினேழு வருடம் பட்டாளத்தில் இயந்திரத் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு கிடந்த மனுஷனோ, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வந்து போகிறவர்களிடம் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். கையில் ஒரு கம்புகூடக் கிடையாது.

மாடக்கண்ணுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ராதாபுரம் பக்கத்து ஆள். இடது காது சுத்தமாகக் கேட்காது. பேச வருகிறவர்கள் வலது பக்கம் சுற்றி வரவேண்டும்.

வேலையை வாங்கிக் கொடுத்தவள் அபிஷா. அந்த இருபது பேரில் ஒருத்தி, உவரிக்காரி. அவளுடைய அப்பா பர்னபாஸும் மாடக்கண்ணுவும் ஒரே நாளில் ஆளெடுப்புக்குப் போய், ஒரே நாளில் தேறி, கடைசியில் ஒரே துப்பாக்கியிலும் வந்து சேர்ந்தவர்கள். குறி பார்த்துச் சுடுவது மாடக்கண்ணு. பக்கத்தில் படுத்துத் தோட்டாப் பட்டையை ஊட்டுவதும், குழல் சூடேறிக் காய்ந்தால் கழற்றி வேறு மாட்டுவதும் பர்னபாஸ். ஒருவர் கடற்கரை, ஒருவர் பனங்காடு. ஆனாலும் பர்னபாஸ் நாலு மாதம் மூத்தவர் என்கிற கணக்கில் அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள் மாடக்கண்ணுவுக்கு மைனி ஆனார். பிள்ளைக்கு மாடக்கண்ணு சித்தப்பா.

அபிஷாவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது பர்னபாஸ் செத்துப்போனார். போர் ஒன்றும் இல்லை. ராஜஸ்தான் மணலில் வெறும் பயிற்சி. சூடேறிப்போன துப்பாக்கிக்குள் மாட்டிக்கொண்ட தோட்டா ஒன்று தானாக வெடித்தது. பக்கத்திலிருந்த மாடக்கண்ணுவுக்குக் காதோடு போயிற்று. விசாரணை வைத்தார்கள். ‘எச்சரித்தும் கேளாமல் குழலைத் தொட்டதால்’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடினார்கள். எச்சரித்தவர் மாடக்கண்ணு. சாட்சியும் அவர் ஒருவர்தான்.

அந்த ஒரு வரி உவரிக்கு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் படித்துப் பொருள் சொன்னார். இஞ்ஞாசியம்மாள் கொஞ்ச காலம் அழுதார். அதற்குப் பிறகு ஏச ஆரம்பித்தவர்தான், நிறுத்தவில்லை. “பக்கத்துல கெடந்த மனுசன் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காவ. கேட்டாவளா? எதத்தான் கேட்டாவ. பட்டாளத்துக்குப் போவாண்டாம்னேன், போனாவ. லீவ நாலு நாள் கூட்டிப் போடுங்கன்னேன், போட்டாவளா.” கல்லறைத் திருநாள் தோறும் கல்லைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லாப் பெண்களும் செபம் சொல்லும்போது அந்த அம்மா மட்டும் கல்லைப் பார்த்து ஒரே வாக்கியம் சொல்வார். “சொன்னாக் கேக்கவே மாட்டியளே.”

மாடக்கண்ணு வருடம் தவறாமல் அந்த நாளுக்கு உவரி போய்விடுவார். கல்லறைக்குப் பின்னால் கைகட்டி நிற்பார். பிறகு மைனி வீட்டில் மீன்குழம்புச் சோறு. தட்டுக்கு எதிரே உட்கார்ந்து இஞ்ஞாசியம்மாள் புருஷனின் பிடிவாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார். மாடக்கண்ணு தலையைத் தூக்காமல் முள் எடுத்துக்கொண்டிருப்பார். சொல்வதற்கு அவரிடம் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் இந்த ஏச்சு நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். சொன்னால் அந்த வீட்டில் தனக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். இருபத்திரண்டு வருடம் அவர் முள்தான் எடுத்தார்.

போன அக்டோபரில் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு வேலை அனுப்பியது. விண்வெளிக் கப்பலின் நெற்றியில் பொருத்த, நொடிக்குப் பல தோட்டா கக்குகிற ஒரு துப்பாக்கி வேண்டும். இருக்கிற வகைகளை ஒப்பிட்டுப் பார்த்து, எது விண்வெளிக்குப் பொருந்தும் என்று இந்தப் பிள்ளைகளே முடிவு சொல்லவேண்டும். அபிஷா ஐந்து படங்களைச் சுவரில் ஒட்டி அதன் முன்னால் மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தாள். வேலையில் அவளுக்கு மேலே இருந்த ஷிபின் மார்த்தாண்டத்துப் பையன், நல்லவன், ஆனால் பார்க்க அழகாக இருந்தால் போதும் என்கிற கட்சி. மாடக்கண்ணு ஏதோ பார்சலைக் கொடுக்க உள்ளே வந்தவர், சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“அண்ணாச்சி, நீங்க இதுலயே கெடந்த ஆளுன்னு அபிஷா சொன்னா. எது தேறும்னு சொல்லுங்க” என்றான் ஷிபின்.

மாடக்கண்ணு முதல் படத்தைத் தொட்டார். “இது நம்ம ஆளு. தோட்டா விடுத புகையே தள்ளி அடுத்த தோட்டாவ ஏத்தும். மோட்டார் வேண்டாம், கரண்டு வேண்டாம். ஆனா ஒரு தோட்டா வெடிக்காமப் போச்சுன்னா அத்தனையும் நின்னுபோவும். கையால இழுத்துத்தான் எடுக்கணும். ஆகாசத்துல எவன் போயி இழுப்பான்?”

இரண்டாவது, ஆறு குழல் சேர்ந்து சுழல்வது. ஷிபினுக்கு அதன்மேல்தான் கண். “இது ஏன் நல்லதுன்னா, சூட்ட ஆறு பேரும் பங்கு போட்டுக்கிடும். வெடிக்காத தோட்டாவையும் மோட்டார் இழுத்து வெளிய போட்டுட்டுப் போயிரும். ஆனா சுத்தி வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாவும். கனமும் சாஸ்தி” என்றார் மாடக்கண்ணு.

“அதோட இன்னொண்ணு சித்தப்பா” என்றாள் அபிஷா. “இங்கன தரை பிடிச்சிக்கிடுது. அங்கன பிடிக்க ஒண்ணும் இல்ல. குழல் இந்தப் பக்கம் சுத்துனா கப்பல் அந்தப் பக்கம் சுத்தப் பாக்கும். சுட்டாலும் பின்னால தள்ளும். அதுக்கு வேற எஞ்சின் வச்சி ஈடு கட்டணும்.”

மூன்றாவதில் குழல் ஒன்றுதான். மோட்டார் வைத்து, சைக்கிள் செயின் போல ஒரு சங்கிலி உள்ளே ஓடித் தோட்டாவை ஏற்றி இறக்கும். மற்றதைப் போல அவ்வளவு வேகம் வராது. மாடக்கண்ணு அதன் முன்னால் கூடுதல் நேரம் நின்றார். “இதப் போடுங்க. பாக்க மாடு மாதிரி இருக்கும், ஆனா தோட்டா வெடிச்சாலும் வெடிக்காட்டாலும் சங்கிலி அதுபாட்டுக்கு இழுத்துக்கிட்டே போவும். சுடுதவனைக் கொல்லாத துப்பாக்கி இதுதான்.”

நாலாவதிலும் குழல் ஒன்று. ஆனால் பின்னால் ஒரு உருளை, அதில் ஐந்து அறை, அறைக்கு ஒரு தோட்டா. முதல் தோட்டாவிலிருந்தே முழு வேகம், கனமும் குறைவு. “வேகம் சரி” என்றார் மாடக்கண்ணு. “ஆனா அத்தனை சூட்டையும் ஒத்தக் குழல் வாங்கணும். அந்தச் சூட்டுப் பக்கத்துலயே அடுத்த தோட்டாவெல்லாம் காத்துக் கெடக்கு.” அதற்கு மேல் பேசாமல் ஐந்தாவதுக்குப் போனார். அது மருந்தே இல்லாமல் காந்தத்தால் குண்டைத் தள்ளுவது. “அப்போ இதுல சூடு கெடையாதோ?” என்று ஆசையாகக் கேட்டார்.

“அதுவும் காயும் சித்தப்பா. அவ்வளவு கரண்டு பாயுதே.”

“காஞ்சா என்ன, அங்கன குளிர் எலும்பு வரைக்கும் இருக்கும்லா. ஆறிராதா?”

“குளிருதான். ஆனா சூட்டத் தூக்கிட்டுப் போவ அங்கன காத்து இல்ல. நாம ஊதி ஊதிக் காப்பி குடிக்கோம்லா, ஊதுததுக்குக் காத்து இருக்கதுனாலதான் அது ஆறுது. அங்கன இரும்பு தன் சூட்டத் தானே வச்சிக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமா வெளிச்சமா விட்டுத்தான் ஆறணும். அஞ்சு வகையையும் சோதிச்சுப் பாத்தா எல்லாம் கடைசியில இந்த எடத்துலதான் வந்து நிக்கி.”

மாடக்கண்ணு பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ராஜஸ்தானில் காற்று இருந்தது. மணலை வாரி முகத்தில் அடிக்கிற காற்று. அத்தனை காற்றிலும் அந்தக் குழல் ஆறவில்லை. “அப்போ அங்கன ஒருக்கா காஞ்சா காஞ்சதுதான்” என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார்.

அபிஷா சங்கிலித் துப்பாக்கியைத்தான் சிபாரிசு செய்து அனுப்பினாள். வெளிநாட்டுக்காரன் நாலாவதை எடுத்துக்கொண்டான். சுடுகிறவனைக் கொல்லாத துப்பாக்கி வைத்து அவன் என்ன விளையாட்டு நடத்துவான்? ஆடுகிற ஆள் அளவுக்கு மீறிச் சுட்டால் உருளை சிவக்கவேண்டும், அப்படியும் நிறுத்தாவிட்டால் அறையிலிருக்கிற தோட்டாக்கள் தாமாக வெடித்துக் கப்பல் சிதறவேண்டும். வெடிப்பதற்கு முன்னால் ஒரு குரல் எச்சரிக்கவேண்டும். விளையாட்டு தமிழிலும் வரப்போவதால் அந்தக் குரலுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும், நீளமாக இருக்கக்கூடாது.

ஒரு மத்தியானம் அபிஷா துள்ளிக்கொண்டு வந்தாள். “சித்தப்பா, கெடச்சிட்டு. ‘சுடும்.’ எப்படி? தொட்டாச் சுடும்னும் ஆச்சு, தோட்டா சுட்டிரும்னும் ஆச்சு. ஒரே சொல்லு.”

மாடக்கண்ணு வலது காதைத் திருப்பினார். சரியாகத்தான் கேட்டிருந்தது.

“சூப்பர்ல்லா?” என்றான் பின்னால் வந்த ஷிபின்.

“இதச் சொல்லியும் நிறுத்தாதவன் செத்துப் போவட்டும், எங்கப்பா மாதிரி” என்றாள் அபிஷா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்பாவின் முகம் நினைவில்லாத பிள்ளை. அம்மா கொடுத்த ஒரே சித்திரம் அதுதான். “நீங்கதான் சித்தப்பா இதப் பேசணும். உங்க தொண்டைதான் பட்டாளத் தொண்டை.”

சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. மைக்குக்கு இந்தப் பக்கம் மாடக்கண்ணு, அந்தப் பக்கம் அபிஷா. அவள் கையைக் காட்டினாள். அவர் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. மூன்றாம் முறை ஏதோ இருமல் போல வந்தது.

“தண்ணி வேணுமா சித்தப்பா?”

“இந்தச் சொல்லு வேண்டாம்மா.”

“ஏன்?”

“ரெண்டு அர்த்தம் இருக்கு.”

“அதுக்காகத்தான வச்சேன்.”

“அதுலதாம்மா உங்கப்பன் செத்தான்.”

அபிஷா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். மாடக்கண்ணு மைக்கைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருடமாக ஒத்திகை பார்த்தது போலத் தடங்கல் இல்லாமல் வந்தது.

அன்றைக்கு விடாமல் நானூறு தோட்டா போயிருந்தது. குழலைப் பார்த்தாலே கண் எரிந்தது. நடுவில் துப்பாக்கி நின்றது. மாடக்கண்ணு கைப்பிடியை இழுத்தார், வரவில்லை. தோட்டா ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த மாதிரி நேரத்தில் ஒரே விதி, யாரும் எதையும் தொடக்கூடாது, விலகிப் படுத்து ஆற விடவேண்டும். அதற்குப் பட்டாளத்தில் இந்தியில் ஒரு கட்டளை உண்டு. ‘ருக்.’ நில் என்று பொருள். பத்தாயிரம் தடவை பழகிய சொல். பக்கத்தில் படுத்திருந்தது வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அந்தச் சொல்தான் வாயில் வந்திருக்கும். படுத்திருந்தது பர்னபாஸ். இரண்டு பேரும் தனியாக இருந்தால் ஊர்ப்பேச்சுதான். மாடக்கண்ணு சொன்னார், “சுடும்லே.”

உள்ளே இருக்கிற தோட்டா வெடித்துவிடும் என்பது அவர் நினைத்துச் சொன்னது. குழல் கொதிக்கிறது, கையைச் சுட்டுவிடும் என்பது பர்னபாஸ் கேட்டது. குழல் மாற்றுவது அவர் வேலை, குழல் காய்ந்திருக்கிறது என்று சொன்னால் மாற்றத்தான் செய்வார். கழுத்திலிருந்த துணியை உருவிக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, “சுட்டா என்னலே, துணி சுத்தியிருக்கேம்லா” என்று சொல்லி, குழலைத் திருகினார். பாதி திருகியிருந்த குழலுக்குள் தோட்டா வெடித்தது. பித்தளைச் சிதறல் கழுத்தில் ஏறியது.

“பட்டாள விசாரணைக் கோர்ட்டுல கேட்டாவ, நீ என்ன சொன்னன்னு. இந்தியில சொல்லணும்” என்றார் மாடக்கண்ணு. “இந்தியில சூட்டுக்கு ஒரு சொல்லு, சுடுததுக்கு வேற சொல்லு. ரெண்டுல ஒண்ணத்தான் சொல்ல முடியும். நான் வெடிக்கும்னு சொன்னேன்னேன். அது பொய் இல்ல. ஆனா அவன் சொன்ன பதில நான் சொல்லல. அதச் சொல்லியிருந்தா, அவன் எப்படிக் கேட்டான்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். நான் ருக்னு சொல்லாதது வெளிய வந்திருக்கும். பயந்துட்டேன். எனக்கு அப்போ முப்பது வயசு. காதுல ரத்தம் வடிஞ்சிக்கிட்டு இருந்துச்சு.”

அபிஷா அவருடைய வலது பக்கமாகச் சுற்றி வந்தாள். பிறகு, “அப்பா கடைசியாச் சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க” என்றாள்.

சொன்னார்.

“இன்னொருக்கா.”

அதையும் சொன்னார். அவள் அழுதாள். அப்பாவின் வார்த்தை என்று அவளுக்கு யாரும் இதுவரை ஒன்றுகூடத் தந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது சித்தப்பா என்கிற சொல் அவள் வாயில் வரவில்லை. “சனிக்கிழம கல்லறைத் திருநா. வீட்டுக்கு வாங்க. அம்மாட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்” என்றாள். வெளியே போய்க் குரலுக்கான பட்டியலில் ‘சுடும்’ என்பதை அழித்துவிட்டு ‘விலகு’ என்று எழுதினாள். சப்பென்று இருக்கிறது என்றான் ஷிபின். இருக்கட்டும் என்றாள். அதை அலுவலகத்தில் வேறு யாரோ பேசிக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை மாடக்கண்ணு திசையன்விளை வழியாக உவரி போய் இறங்கினார். வழக்கமாகக் கல்லறைக்குப் போன பிறகுதான் வீடு. அன்றைக்கு முதலில் வீட்டுக்குப் போனார். இஞ்ஞாசியம்மாள் மெழுகுவர்த்திகளைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டிருந்தார். “வாங்க தம்பி. வாளமீன் வந்துருக்கு, கொழம்பு கூட்டி வச்சிருக்கேன்” என்றார். அபிஷா கதவோரம் நின்றாள்.

மாடக்கண்ணு உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “அவன் கேக்காமச் சாவல மைனி. நான் சொன்னதக் கேட்டுத்தான் செத்தான்” என்றார்.

இஞ்ஞாசியம்மாள் சுருட்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மாடக்கண்ணுவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அந்தக் கோர்ட்டுல நீங்க சொன்னது, அவிய சொன்னது ரெண்டையும் சொல்லியிருந்தா உங்க நாக்கு அழுகியா போயிருக்கும்?” என்று கேட்டார். பிறகு, “சரி, அங்கன பயம். இங்கன என்ன பயம் தம்பி? வருசா வருசம் இந்தா இந்த எடத்துல உக்காந்துதான தின்னிய. அவிய பேர நான் நாறடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க முள்ளு எடுத்துக்கிட்டு இருந்திய.”

இஞ்ஞாசியம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். அபிஷா தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். இரண்டு பேரும் அவரை வாங்க என்றும் சொல்லவில்லை, வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. மாடக்கண்ணு எட்ட நடந்து போய்த் தோட்டத்து வாசலோடு நின்றுகொண்டார்.

உள்ளே கூட்டம். கடல் காற்றில் மெழுகுவர்த்திகள் அணைய அணைய ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். பர்னபாஸின் கல் வாசலுக்குப் பக்கத்தில்தான். இஞ்ஞாசியம்மாள் கல்லைக் கழுவினார். பெயர் வெட்டியிருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். திரி இரண்டு தடவை அணைந்து மூன்றாம் தடவை நின்று எரிந்தது. பக்கத்துக் கல்லறைகளில் செபம் தொடங்கியது. இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த அம்மாவின் வாய் தானாக, “சொன்னாக் கேக்க...” என்று ஆரம்பித்து அப்படியே நின்றுபோனது. மண்ணில் உட்கார்ந்தார். கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“கேட்டியளாம்லா” என்றார்.

மாடக்கண்ணுவின் வலது காது அந்தப் பக்கமாக இருந்தது. இன்னொரு தடவையும் அதையே சொன்னது கேட்டது. அபிஷா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மெழுகுவர்த்தி பாதி எரியும் வரைக்கும் அவர் நின்றார். பிறகு பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். இரண்டு பஸ் போயின. மூன்றாவது பஸ்ஸில் ஏறினார். அன்றைக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டு யாரும் வரவில்லை.